சத்தம் மாறும் இடம்

வட கரோலினா
செப்டம்பர் 14, 2023

என்னங்க,

போனில் பேசாத ஆளுக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. வந்து பதினேழு நாள் ஆகிறது. ஆறு முறை கூப்பிட்டேன். நான்கு முறை எடுக்கவில்லை. மீதி இரண்டு முறையும் எடுத்து, "ம்... சரி சரி, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கும் சரி சரி. மழையா என்று கேட்டதற்கும் சரி சரி. கோபம் இருந்தால் வாயைத் திறந்து திட்டியிருக்கலாம். அதையாவது கேட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நீங்கள் வரவில்லை. ஞானசீலன் அண்ணன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டிரையர்ல ஏதோ கோளாறுங்க டீச்சர், அதான் ராஜரத்தினம் வரலை" என்று உங்களுக்காகப் பொய் சொன்னார். டீ ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அவரே பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஃபேக்டரியில் என்ன கோளாறு?

உங்களைக் கேட்காமல் நான் வரவில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசை சுட்டுக்கொண்டே எல்லாம் சொன்னேன். கைத்தொழில் ஆசிரியர்களுக்கு ஒரு உதவித்தொகை, அமெரிக்காவில் ஒன்பது மாதம், அவர்களுடைய கைத்தொழில் சரித்திரத்தையும் படிக்கலாம், வேலையையும் கற்றுக்கொள்ளலாம், விண்ணப்பம் போடட்டுமா என்று. பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே "சரி" என்றீர்கள். ஜூலையில் விசா வந்ததும், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் உங்களிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து மழையில் நின்று கதவைத் தட்டுவேன். நீங்கள் உள்ளேதான் இருப்பீர்கள், ஆனால் திறக்க மாட்டீர்கள். இப்போதும் அப்படித்தான் நிற்கிறேன். நமக்குப் பிள்ளையும் இல்லை. நீங்கள் பேசாவிட்டால் என்னோடு தமிழில் பேச இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. இதைப் படித்துவிட்டு ஒரு வரியாவது எழுதுங்கள்.

இந்துமதி


குன்னூர்
அக்டோபர் 10, 2023

இந்து,

கடிதம் வந்தது. நான் சுகமில்லை என்று எழுதினால் நீ அடுத்த விமானத்தில் வந்துவிடப் போவதில்லை. ஆகையால் சுகம்.

நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஞாபகம் இருக்கும். தோசை ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத் தேங்காய்ச் சட்னியில் உப்புக் குறைவு. இதெல்லாம் நினைவிருக்கிறவனுக்கு அமெரிக்கா மறந்துபோகுமா?

போனில் சிக்னல் சரியில்லை. அதற்கு மேல் கேட்காதே.

இரண்டாவது ஷிப்டுதான் இப்போது. காலையில் நானே தேத்தண்ணி போட்டுக்கொள்கிறேன். மத்தியானம் கேன்டீன். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பரீட்சைத்தாளில் எழுதுகிற மாதிரி அழகாகத்தான் எழுதுகிறாய், திட்டுவதைக்கூட. எழுதுவதை நிறுத்தாதே. எழுதினால் படிப்பேன்.

ராஜரத்தினம்


வட கரோலினா
நவம்பர் 2, 2023

என்னங்க,

உப்பு விஷயத்தை எட்டு மாதம் மனசில் வைத்திருந்திருக்கிறீர்கள். வாழ்க.

தேயிலையை எடுத்துவிட்டால் இந்த ஊர் மலை கோத்தகிரிப் பக்கம் மாதிரியே இருக்கிறது. வகுப்பில் ஒன்பது பேர், நான்தான் மூத்தவள். எங்கள் ஆசிரியைக்கு இருபத்தெட்டு வயது. நான் வாய் தவறி "மேடம்" என்றால் அவளுக்கு வெட்கமாகிவிடுகிறது. எல்லோரும் நல்லவர்கள்தான். சாயந்தரம் அவரவர் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். விடுதியில் இந்த வரிசையில் நான் மட்டும்தான். ரேடியேட்டர் சத்தம்தான் துணை.

காலையில் சரித்திரம். நூறு வருஷத்துக்கு முன்னால் பட்டணத்துப் பெண்கள் இந்த மலைக்கு ஏறி வந்து, "நீங்கள் நெய்வது எவ்வளவு அழகு, விட்டுவிடாதீர்கள்" என்று இங்கிருந்த பெண்களிடம் சொன்னார்களாம். எந்தக் கலர் விற்கும் என்பதையும் அவர்களே சொன்னார்களாம். மலைப் பெண்கள் அதற்கு முன்பே மில் துணி வாங்கி உடுத்த ஆரம்பித்திருந்தார்கள். பாவம், மறுபடி தறியில் உட்கார வேண்டியதாயிற்று. என் முறை வந்தபோது நம் பள்ளிக்கூடத்து ஒயர் கூடையைப் பின்னிக் காட்டினேன். பிளாஸ்டிக் ஆயிற்றே, இது கைத்தொழிலா என்று ஒரு பையன் கேட்டான். கை என்னுடையது, தொழில் என்னுடையது, ஒயர் மட்டும்தான் கம்பெனியுடையது என்றேன்.

அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு பெரிய மண் ஜாடி. கீழே அட்டையில், "செய்தவர் பெயர் தெரியவில்லை, அடிமையாக இருந்தவர்" என்று போட்டிருந்தது. கைப்பிடி ஒட்டின இடத்தில் ஒரு கட்டைவிரல் அழுத்தின பள்ளம் அப்படியே இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன்களைச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் இதே மாதிரிதானே, பெயரில்லாமல், தலையை மட்டும் எண்ணி. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடம் சொல்வது, என்ன பாஷையில் சொல்வது என்று தெரியாமல் கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டேன். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

மத்தியானம் நாற்காலி செய்கிறோம். இதில் உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஆணி கிடையாது, பசை கிடையாது. கால்களுக்குப் பச்சை மரம். குறுக்குக் கட்டைகளை மட்டும் நன்றாகக் காய வைத்து, ஈரக் காலில் துளை போட்டு அடித்து இறக்க வேண்டும். நாளாக ஆகக் கால் காய்ந்து சுருங்கிக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நூறு வருஷத்துக்கு அசையாது. படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

இந்து


குன்னூர்
நவம்பர் 28, 2023

இந்து,

படம் கிடைத்தது. மூன்று நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஈரத்தை எடுக்கிற வேலையை அமெரிக்காக்காரன் நமக்குச் சொல்லித் தருவதா என்று ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக நான் வேறு என்ன செய்கிறேன்? கையில் ஒரு பிடி தூளை அள்ளினால் நூற்றுக்கு எத்தனை ஈரம் என்று சொல்லிவிடுவேன்.

ரோட்டோரம் சாய்ந்த சீகை மரம் ஒன்றை விறகுக்கு வெட்டினார்கள். கேட்டு நான்கு துண்டு வாங்கினேன். கால்களை ஈரச் சாக்கில் சுற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குறுக்குக் கட்டைகளை டிரையருக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். தலையாட்டினேன், போய்விட்டார். கட்டைகளில் இப்போது தேயிலை வாசம் அடிக்கிறது. உன் அமெரிக்காவில் இது கிடைக்காது.

போன வாரம் ஷிப்டுக்குப் போகும்போது பத்தடியில் காட்டெருமை. செடிக்குள்ளிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் கண்டேன். பக்கத்து வீட்டு மூக்கம்மா மேட்டிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாளாம். பிறகு வந்து திட்டினாள். "ஏண்ணே, அத்தனை சத்தம் போட்டேனே, என்ன யோசனையில போறீங்க? டீச்சர் வந்து கேட்டா நான் என்னா பதில் சொல்றது?" என்றாள். ஏதோ யோசனைதான். உன்னை இல்லை, நாற்காலியை.

மழை விடவில்லை. வீட்டில் விளக்கைப் போட்டால் எல்லா இடமும் தெரிகிறது. அதனால் ஒரு மூலையில் மட்டும் போட்டுக்கொண்டு செதுக்குகிறேன்.

ராஜரத்தினம்


வட கரோலினா
டிசம்பர் 22, 2023

என்னங்க,

நாற்காலி செய்கிறீர்கள் என்று படித்ததும் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். டீ டிரையரில் காய்ந்த கட்டை என்றதும் ஆசிரியை இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

காட்டெருமை விஷயத்தைச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டைப் பார்த்து நடங்கள்.

கட்டையை இறக்கும்போது ஒரே ஒரு ஜாக்கிரதை. கொட்டாப்புளியால் ஒரே சீராகத் தட்டுங்கள். கட்டை துளையின் அடியைத் தொட்டதும் சத்தம் மாறும். டொக் டொக் என்று வந்தது டக் என்று கெட்டியாகும். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு அடி விழுந்தாலும் காலின் மறுபக்கம் பிளந்துவிடும். கண்ணால் பார்த்து இதைச் செய்ய முடியாது, காதுதான் சொல்லும் என்பாள் ஆசிரியை.

கிறிஸ்துமஸ் விடுமுறை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பனி கொட்டுகிறது. நேற்று முழுக்க ஒரு மனிதரோடும் பேசவில்லை. ராத்திரி என் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானே ரெண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன்.

ஒரு விஷயம். இன்னும் ஒரு வருஷம் உதவி ஆசிரியையாக இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஆசை இருக்கிறது, மறைக்க மாட்டேன். இங்கே நான் செய்வதை நின்று பார்க்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஆனால் நீங்கள் வா என்றால் வந்துவிடுவேன். இந்தத் தடவை எழுத்தில் கேட்கிறேன், சொல்லவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. இருக்கட்டுமா, வரட்டுமா?

இந்து


குன்னூர்
ஜனவரி 18, 2024

இந்து,

நாற்காலிக் கால் பிளந்துவிட்டது. நீ சொன்னபடிதான் தட்டினேன். சத்தம் எதுவும் மாறவில்லை. இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தேன், மறுபக்கம் புடைத்து வாய் பிளந்துகொண்டது. இரண்டாவது காலிலும் அப்படியே. சீகை மரத்துக்குச் சத்தம் வராதோ என்னவோ. மீதியை அடுப்பில் வைத்துவிட்டேன்.

ஊட்டியில் புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறதாம். இங்கேயும் பள்ளத்துச் செடிகள் கருகிவிட்டன. கொழுந்து வரத்துக் குறைவு.

உனக்கு அங்கே மரியாதை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருந்துகொள். இங்கே வந்து யாரோடு பேசப் போகிறாய்?

ராஜரத்தினம்


வட கரோலினா
பிப்ரவரி 9, 2024

என்னங்க,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் கடைசி வரியைப் படித்து அழுதேன். இருந்துகொள் என்று இவ்வளவு சுலபமாக எழுத முடிகிறதே என்று. அப்போதே ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று கிளம்பிப் பாதி வழியில் திரும்பினேன்.

நேற்றுப் பட்டறையில் நான் கட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் மாறியது. கை தானாக நின்றது. ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஆசிரியை, திரும்பாமலே "ஆயிற்று" என்றாள். கதவுக்கு வெளியே நின்றிருந்த பையனுக்கும் கேட்டிருக்கிறது. அப்புறம் சீகை மரத் துண்டு ஒன்று கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. வேறு நான்கு மரத்தில் தட்டிப் பார்த்தேன். நான்கிலும் சத்தம் மாறியது.

எந்த மரமானாலும் மாறும். உங்களுக்குத்தான் கேட்கவில்லை.

கையில் கொட்டாப்புளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூக்கம்மா கத்தியது கேட்கவில்லை. போனில் நான் எது கேட்டாலும் சரி சரி. மழையில் நான் தட்டிய கதவு. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் சொன்ன அமெரிக்கா. நீங்கள் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எத்தனை வருஷமாக? ஏன் என்னிடம் சொல்லவில்லை? இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த எனக்கு இது தெரியவில்லையே, நான் என்ன பெண்டாட்டி? பிள்ளைகளுக்குக் கண் தெரியவில்லை என்றால் கரும்பலகையைப் பார்க்கிற பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். உங்களை வீம்புக்காரர் என்று நினைத்துக்கொண்டு தினம் சண்டை போட்டிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் காது டாக்டரைப் பாருங்கள். ஞானசீலன் அண்ணனைக் கூட்டிப் போங்கள். ஏப்ரல் 15 இன்னும் இருக்கிறது. உங்கள் மனசில் இருப்பதை எழுதுங்கள். தலையாட்டினால் இங்கிருந்து எனக்குத் தெரியாது.

இந்து


குன்னூர்
மார்ச் 20, 2024

இந்து,

கண்டுபிடித்துவிட்டாய். அமெரிக்கா போய்க் கண்டுபிடித்தாய்.

ஆறு வருஷம் இருக்கும். முதலில் இடது காது. டிரையர் ஃபேன் காதுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல், வீட்டுக்கு வந்தாலும் நிற்காது. தூங்கினால் போய்விடும் என்று நினைத்தேன். பிறகு வலதும் மங்கிப்போனது. ஃபேக்டரியில் சொன்னால் டிரையரை விட்டு எடுத்துவிடுவார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. உன்னிடம் சொன்னால் நீ கத்திப் பேச ஆரம்பிப்பாய். ஏற்கெனவே நம் வீட்டில் பாதி நாள் சண்டை. கத்திப் பேசினால் மீதி நாளும் எனக்குச் சண்டை மாதிரியே இருக்கும்.

அதனால் தலையாட்டப் பழகிக்கொண்டேன். உன் முகத்தைப் பார்த்தால் பாதி புரியும். முகம் தெரியாதபோது, நீ நிறுத்துகிற இடத்தில் சரி என்பேன். பெரும்பாலும் பொருந்திவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பொருந்தவில்லை. நீ என்ன கேட்டாய் என்றே தெரியாமல் உன்னை அனுப்பிவைத்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக்கு வராததும் அதற்குத்தான். அத்தனை பஸ் சத்தத்தில் நீ போகும்போது ஏதாவது சொல்லுவாய், அதற்கும் நான் தலையாட்ட வேண்டியிருக்கும்.

அங்கேயே இருக்கச் சொன்னதும் மனசாரச் சொன்னது இல்லை. உன் குரலைக் கேட்டு வருஷக்கணக்காகிறது, இந்து. கடிதத்தில்தான் நீ சொல்வது ஒன்றுவிடாமல் கேட்கிறது. ஒயர் கூடைக்காக நீ சண்டை போட்டது, அந்த ஜாடி முன்னால் நின்றது, எல்லாம். நீ பக்கத்தில் இருந்தபோது எனக்கு இவ்வளவு கிடைத்ததில்லை. வந்துவிட்டால் இதுவும் நின்றுபோகுமே என்றுதான் இருந்துகொள் என்றேன்.

பன்னிரண்டாம் தேதி ஞானசீலனோடு போனேன். இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். ஞானசீலனுக்குக் கீச்சுக் குரல் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. மலை ஏறி வரும்போது பஸ்ஸில் ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்தது. யாரும் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு மட்டும் அது நிற்காமல் இருந்தால் தேவலை போலிருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். குழாய் சொட்டுகிறது. தகரத்தில் சருகு விழுகிறது. நான் நடப்பது எனக்கே கேட்கிறது. வேறு ஒன்றும் இல்லை. மெஷின் இல்லாதவரைக்கும், நீ அடுப்படியில் ஏதோ பேசிக்கொண்டுதான் இருக்கிறாய், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அப்படியே ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். இப்போது அப்படி நினைக்க வழியில்லை. நீ இங்கே இல்லை என்பது நன்றாகக் கேட்கிறது.

வா.

ராஜரத்தினம்


வட கரோலினா
ஏப்ரல் 10, 2024

என்னங்க,

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னை வா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு எழுத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள்.

ஆபீசில் பேசினேன். பதிலுக்கு ஜூலை வரை பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இந்தப் படிப்பின் மேல் எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது, அது போகவில்லை. மறுபடி இங்கே வருவதா, குன்னூரிலேயே இருப்பதா என்பதை இந்தத் தடவை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன், அடுப்பைப் பார்த்து இல்லை. கேட்டுவிட்டு நீங்களும் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். சண்டை வந்தாலும் பரவாயில்லை. மீதியை எழுதிக் கொடுக்கிறேன், ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

வேறு சீகை மரம் வெட்டினால் நான்கு கால் வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள்.

மே 23 காலை கோயம்புத்தூரில் இறங்குகிறேன். யாரும் வர வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். நீங்கள் வீட்டிலேயே இருங்கள். கதவைச் சாத்தி வைத்திருங்கள். மெஷினை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

நான் வந்து தட்டுகிறேன்.

இந்து